72 லட்சம் குட்டி ஃபைலும் ஒரு சின்ன கேள்வியும்: கிளவுட்ல கொட்டி வெச்ச டேட்டாவ தேட வெச்ச கதை

கேள்வி ரொம்ப சின்னது. "இந்த டிவைஸ் போன செவ்வாக்கிழமை ராத்திரி டைம்அவுட் எரர் குடுத்துச்சா இல்லையா?" சப்போர்ட் டீம்ல இருந்து வந்துச்சு, ஆமா இல்லன்னு ஒத்த வார்த்தைல பதில் சொல்லிட்டு அடுத்த வேலைய பாத்திருக்கணும். நாங்க சாயங்காலம் ஸ்க்ரிப்ட ஓட விட்டுட்டு கெளம்பிட்டோம், மறுநாள் காலைல வந்து பாத்தா அது இன்னும் ஃபைல் பேர லிஸ்ட் எடுத்துட்டே இருக்கு, ஒரு ஃபைலக்கூட தொறந்து பாக்கல. சப்போர்ட் லீட் வந்து "என்னங்க, இன்னும் ஓடுதா?"னு கேட்டப்ப சொல்றதுக்கு பதிலே இல்ல.

எப்படி இந்த நெலமைக்கு வந்தோம்னு மொதல்ல சொல்லிடறேன். ஃபீல்டுல 5,000 டிவைஸ் இருக்கு, ஒவ்வொண்ணும் நிமிஷத்துக்கு ஒரு லாக் ஃபைல் (என்ன நடந்துச்சுங்கற பதிவு) அனுப்பும், ஜேசன்ல (பேரும் வேல்யூவும் ஜோடி ஜோடியா எழுதற டெக்ஸ்ட்), சராசரியா 2 கேபி. இதுக்கு மேல கஸ்டமர் அனுப்புற மெயில், பிடிஎஃப், ஸ்க்ரீன்ஷாட், சாட் உரையாடல் எல்லாம் வேற. எல்லாத்தையும் அன்ஸ்ட்ரக்சர்ட் டேட்டான்னு, அதாவது ஒரே அச்சுல அடங்காத டேட்டான்னு, சொல்லி ஒரே எஸ்3 (அமேசானோட கிளவுட் ஸ்டோரேஜ்) பக்கெட்ல போட்டு வெச்சிருந்தோம். (ஜேசனெல்லாம் அன்ஸ்ட்ரக்சர்டா, அது செமி-ஸ்ட்ரக்சர்டுன்னு சொல்லணும்னு யாராவது சண்டைக்கு வருவாங்க, வாங்க, ஆனா ஃபர்ம்வேர் (டிவைஸுக்குள்ள ஓடற சாஃப்ட்வேர்) வெர்ஷனுக்கு ஒரு ஷேப்ல வர்ற ஜேசன நேர்ல பாத்தா நீங்களும் அப்படித்தான் சொல்லுவீங்க.)

போட்டு வெக்கறது ஈஸி. எஸ்3 வந்தது 2006 மார்ச்ல, அன்னைலேருந்து அதோட சுபாவம் ஒண்ணுதான்: ஒரு பேர் குடு, ஒரு பொருள் குடு, பத்திரமா வெச்சுக்கறேன், அதே பேர சொன்னா திருப்பி தரேன். உள்ள என்ன இருக்குன்னு அதுக்கு தெரியாது, தெரிஞ்சுக்கவும் மாட்டேங்கும். ஃபோல்டர் மாதிரி தெரியறதுகூட ஃபோல்டர் கெடையாது, பேர்ல நடுவுல ஒரு சாய்வுக்கோடு, அவ்ளோதான். நாங்க பேரா குடுத்தது என்னன்னா யூயூஐடி. தேதி இல்ல, டிவைஸ் நம்பர் இல்ல, 36 எழுத்து குப்பை. அத எழுதுனவரு இப்ப டீம்ல இல்ல, இருந்தாலும் திட்ட முடியாது, ஏன்னா கோட் ரிவ்யூல ஓகே சொன்னது நான்.

கணக்கு போட்டு பாத்தா வயித்த கலக்குது

5,000 டிவைஸ், நாளைக்கு 1,440 நிமிஷம். பெருக்கினா ஒரு நாளைக்கு 72 லட்சம் ஃபைல். வருஷத்துக்கு 262 கோடிக்கு மேல. எஸ்3ல லிஸ்ட் கேட்டா ஒரு தடவைக்கு அதிகபட்சம் 1,000 பேர்தான் தரும். பேர்ல தேதி இல்லாததால செவ்வாக்கிழமை ஃபைல மட்டும் குடுன்னு கேக்க வழியில்ல, முழு பக்கெட்டையும் லிஸ்ட் எடுக்கணும், அதாவது ஒரு வருஷ சரக்குக்கே 26 லட்சம் தடவ கேக்கணும். ஒரு தடவைக்கு 100 மில்லி செகண்ட்னு வெச்சாலே 73 மணி நேரம். காலைல வந்தப்ப ஸ்க்ரிப்ட் ஏன் பேர் படிச்சிட்டு இருந்துச்சுன்னு இப்ப புரியுதா.

சரி, தேதி வாரியா பிரிச்சே வெச்சிருந்தோம்னு வெச்சுக்குவோம். அப்பவும் ஒரு நாளோட 72 லட்சம் ஃபைல ஒண்ணொண்ணா தொறந்தா, தலா 100 மில்லி செகண்ட், மொத்தம் 200 மணி நேரம், எட்டு நாளுக்கு மேல. ஒரு நாள் டேட்டாவ படிக்க எட்டு நாள். பேரலலா ஓட விடலாம்தான், ஆனா எஸ்3 ஒரு ப்ரிஃபிக்ஸுக்கு (ஃபைல் பேரோட ஆரம்ப பகுதி) செகண்டுக்கு 5,500 ரீட்னுதான் கணக்கு சொல்லுது, அத முழுசா பிழிஞ்சாலும் 22 நிமிஷம் ஆகும்.

இதுல வேடிக்கை என்னன்னா டேட்டா பெருசே இல்ல. 72 லட்சத்த 2 கேபியால பெருக்குங்க, 14.4 ஜிபி. ஒரு பென்டிரைவ்ல அடங்கற சமாச்சாரம். வருஷத்துக்கு 5 டிபி சொச்சம். பிக் டேட்டா பிக் டேட்டான்னு நாங்க மீட்டிங் மீட்டிங்கா பேசினது டேட்டாவோட சைஸ் பிரச்சினையே இல்ல, ஃபைலோட எண்ணிக்கை பிரச்சினை. இத கண்டுபிடிக்கவே எங்களுக்கு ரெண்டு வாரம் ஆச்சு.

நடுவுல ஒருத்தர் "பழசெல்லாம் சீப்பான ஸ்டோரேஜ் வகுப்புக்கு தள்ளிட்டா என்ன, நேரா அங்கயே எழுதிடலாமே"ன்னு ஐடியா குடுத்தாரு. நல்லவேளை டாக்குமென்ட படிச்சோம். அடிக்கடி தொடாத டேட்டாவுக்குன்னு இருக்குற அந்த ஐஏ வகுப்புல ஒரு ஃபைல் எவ்ளோ குட்டியா இருந்தாலும் குறைஞ்சது 128 கேபின்னு கணக்கு வெச்சுத்தான் பில் போடுவாங்க. 2 கேபி ஃபைலுக்கு 64 மடங்கு. 14.4 ஜிபிக்கு பதிலா 921 ஜிபிக்கு காசு கட்டியிருப்போம், தினமும்.

தேடு இன்ஜின்ல கொட்டி பாத்தோம்

இந்த மாதிரி நேரத்துல எல்லாருக்கும் மொதல்ல தோணுறது எலாஸ்டிக்சர்ச்தான், எங்களுக்கும் தோணுச்சு. உள்ள இருக்கறது லூசீன்ங்கற தேடல் லைப்ரரி, 1999லேருந்து இருக்குற சரக்கு, வேலை செய்யற விதம் புத்தகத்துக்கு கடைசில சொல்லடைவு இருக்குமே அதேதான்: ஒவ்வொரு சொல்லுக்கும் எதிர்ல அது எந்தெந்த டாக்குமென்ட்ல வருதுன்னு ஒரு பட்டியல். "டைம்அவுட்"னு தேடினா புத்தகத்த புரட்டாம நேரா அந்த வரிக்கு போயிடும். மில்லி செகண்ட்ல பதில். மொத நாள் டெமோல எல்லாரும் கைதட்டாத குறைதான்.

நாலாவது நாள் டேட்டா உள்ள போறது நின்னுபோச்சு. பாத்தா ஒரு ஃபர்ம்வேர் வெர்ஷன்ல சென்சார் நம்பர வேல்யூவா வெக்காம கீயாவே வெச்சிருக்காங்க. அதாவது "சென்சார்: 4471, வெப்பம்: 38"னு வரவேண்டியது, "4471: 38"னு வருது. இன்ஜினுக்கு என்ன தெரியும், 4471ங்கிறது புது காலம்னு (column, டேபிள்ல ஒரு நெடுவரிசை, இங்க ஃபீல்டுன்னு பேர்) நெனச்சு ஒண்ணு தொறக்கும், அடுத்தது 4472, அதுக்கும் ஒண்ணு. ஒரு இண்டெக்ஸுக்கு டீஃபால்ட்டா 1,000 ஃபீல்டுதான் லிமிட், தொட்டதும் புது ஃபீல்டு வர்ற எதையும் வாங்க மாட்டேன்னு கதவ சாத்திடுச்சு. லிமிட்ட ஏத்தலாம், ஏத்தினா மெமரி போகும், வியாதிக்கு மருந்து குடுக்காம வலிக்கு மட்டும் குடுக்கற மாதிரி. அதுக்கு அடுத்த வாரம் இன்னொண்ணு: பேட்டரி அளவு ஒரு வெர்ஷன்ல 85ன்னு நம்பரா வருது, இன்னொண்ணுல சதவீத குறியோட ஸ்ட்ரிங்கா வருது, மொதல்ல நம்பர பாத்து மனசுல வெச்சுக்கிட்ட இன்ஜின் ரெண்டாவத தூக்கி எறிஞ்சிடுச்சு.

அதவிட பெரிய சங்கடம், இது 24 மணி நேரமும் மெஷின் ஓடிட்டே இருக்கணும். யாரும் கேள்வி கேக்காத ராத்திரிலயும் டிஸ்கும் மெமரியும் புடிச்சு வெச்சிருக்கணும். கடைசி ரெண்டு வார டேட்டாவுக்கு சரி, மூணு வருஷ டேட்டாவ இதுல வெக்கறது தேவையில்லாத செலவு. எங்க முடிவு, சமீபத்துத மட்டும், அதுலயும் மனுஷன் எழுதுன வாசகம், அதாவது மெயில், சாட், இத மட்டும் இங்க வெப்போம். லாக வெளிய எடுத்துடுவோம்.

பார்க்கேக்கு மாறினது

மிச்சத்துக்கு என்ன பண்றதுன்னா, ஸ்டோரேஜ் எஸ்3லயே இருக்கட்டும், கேள்வி கேக்கும்போது மட்டும் இன்ஜின் வந்து படிச்சிட்டு போகட்டும். இந்த யோசனை புதுசில்ல, கூகுள் தன்னோட ட்ரெமெல் இன்ஜின பத்தி 2010ல பேப்பர்ல எழுதினதுதான், பிக்குவெரி அதோட வாரிசு. ஃபேஸ்புக்ல ப்ரெஸ்டோ, அதுல இருந்து பிரிஞ்சு இப்ப ட்ரினோ, அமேசான்ல 2016ல வந்த அத்தீனா எல்லாம் ஒரே ஜாதகம். ட்ரெமெல் பேப்பர்ல இருந்த இன்னொரு விஷயம், ஒண்ணுக்குள்ள ஒண்ணா இருக்குற ஜேசன் மாதிரி டேட்டாவ எப்படி காலம் (column) வாரியா பிரிச்சு வெக்கறதுன்னு. அத எடுத்துதான் 2013ல ட்விட்டரும் கிளவுடெராவும் சேர்ந்து பார்க்கே ஃபார்மட்ட வெளிய விட்டாங்க.

பார்க்கே ஃபைல கொஞ்சம் பக்கத்துல போயி பாக்கலாம், ஏன்னா எங்க பிரச்சினை மொத்தமும் தீர்ந்தது இங்கதான். ஃபைலோட கடைசி 8 பைட்ட படிச்சா, அதுல கடைசி 4 பைட் பி-ஏ-ஆர்-1ன்னு ஒரு முத்திரை, அதுக்கு முன்னாடி 4 பைட் ஃபுட்டர் (ஃபைலோட கடைசில இருக்குற விவர குறிப்பு) எவ்ளோ நீளம்னு ஒரு நம்பர். அத வெச்சு ஃபுட்டர படிச்சா, ஃபைல்ல எத்தன ரோ குரூப் (வரிகளோட ஒரு கட்டு) இருக்கு, ஒவ்வொரு ரோ குரூப்லயும் எந்த காலம் எந்த எடத்துல ஆரம்பிக்குது, அந்த காலத்துல குறைஞ்ச வேல்யூ என்ன கூடுன வேல்யூ என்னன்னு எல்லாம் எழுதியிருக்கும். அதாவது 1 ஜிபி ஃபைல்ல ரெண்டே ரெண்டு குட்டி ரீட்ல, இதுல நமக்கு வேண்டியது இருக்க வாய்ப்பிருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும். இல்லன்னா தொடவே வேண்டாம்.

நாங்க லாக எல்லாம் தேதி வாரியா சேத்து பெரிய பார்க்கே ஃபைலா மாத்தினோம். ஓட விட்டோம். பரவாயில்லாம இருந்துச்சு, ஆனா எதிர்பாத்த வேகம் இல்ல. ஏன்னு ஃபுட்டர தொறந்து பாத்தா, எல்லா ரோ குரூப்லயும் டிவைஸ் நம்பரோட குறைஞ்ச வேல்யூ 1, கூடுன வேல்யூ 5000. வந்த வரிசைலயே எழுதியிருக்கோம்ல, எல்லா டிவைஸும் எல்லா ரோ குரூப்லயும் செதறி கெடக்கு. 3120ம் நம்பர் டிவைஸ் எங்கன்னு கேட்டா ஒவ்வொரு ரோ குரூப்பும் "என்கிட்ட இருக்கலாம்"னு கை தூக்குது. எழுதறதுக்கு முன்னாடி டிவைஸ் நம்பர் வாரியா ஒரு சார்ட் (sort, வரிசைப்படுத்தறது), அவ்ளோதான் பண்ணோம். இப்ப நாளைக்கு 100 ரோ குரூப் இருந்தா, மொத குரூப்ல 1லேருந்து 50, அடுத்ததுல 51லேருந்து 100. நூத்துல ஒண்ண தவிர மிச்சமெல்லாம் தானா வெளிய போயிடும். ஒரே ஒரு சார்ட். இதுக்கு கன்சல்டன்ட் ஒருத்தர கூப்பிடலாம்னு பேச்செல்லாம் நடந்துச்சு.

சார்ட் பண்ண முடியாத காலமும் இருக்கு, தாறுமாறா வர்ற ரிக்வெஸ்ட் ஐடி மாதிரி, அதுல மின் மேக்ஸ் (குறைஞ்ச வேல்யூ, கூடுன வேல்யூ) வெச்சு ஒண்ணும் புடுங்க முடியாது. அங்க ப்ளூம் ஃபில்டர் போட்டோம். பர்ட்டன் ப்ளூம் 1970ல எழுதுன டெக்னிக், கொஞ்சூண்டு பிட்ட வெச்சுக்கிட்டு "இல்ல"ன்னு சொன்னா சத்தியமா இல்ல, "இருக்கு"ன்னு சொன்னா இருக்கலாம். நமக்கு தேவையே அந்த "இல்ல"தான்.

ஜேசன் ஷேப் மாறுற தலைவலிக்கு, அடிக்கடி கேக்குற பத்து காலத்த மட்டும் பிரிச்சு எடுத்தோம், முழு ஜேசனையும் அப்படியே ஒரு ஸ்ட்ரிங் காலமா பக்கத்துலயே வெச்சோம். 4471: 38னு வந்தாலும் சரி, பேட்டரி சதவீத குறியோட வந்தாலும் சரி, உள்ள போயிடும், யாரும் கதவ சாத்த மாட்டாங்க. காலம் வாரியா ஸ்டோரேஜ்ங்கறதால அந்த குண்டு ஸ்ட்ரிங்க கேக்காதவங்க அத படிக்க வேண்டியதில்ல. அழகா இல்லதான், சிலர் மொகம் சுளிச்சாங்க, இருக்கட்டும்.

எரர் ரெண்டு மடங்கான வெள்ளிக்கிழமை

டிவைஸ் நெட்வொர்க் இல்லாம ரெண்டு நாள் கெடந்துட்டு, லைன் வந்ததும் பழைய லாக மொத்தமா அனுப்பும். அதெல்லாம் பழைய தேதிக்குள்ள போயி குட்டி ஃபைலா உக்காரும். திரும்பவும் மொதல்ல இருந்தா? அதனால தினமும் ஒரு ஜாப், எந்த தேதிய எல்லாம் இன்னைக்கு தொட்டோமோ அந்த ஃபைல்கள சேத்து பெருசா எழுதிட்டு பழச அழிக்கும். ஒரு வெள்ளிக்கிழமை டேஷ்போர்டுல எரர் எண்ணிக்கை திடீர்னு ரெண்டு மடங்கு. ஃபோன் மேல ஃபோன். பத்து நிமிஷத்துல தானா சரியாயிடுச்சு, அதுதான் இன்னும் பயமா இருந்துச்சு.

காரணம், ஜாப் புது பெரிய ஃபைல எழுதி முடிச்சு, பழைய குட்டி ஃபைல அழிக்கிறதுக்கு முன்னாடி நடுவுல இருக்குற அந்த சந்துல ஒரு குவெரி வந்து நின்னிருக்கு. ரெண்டையும் எண்ணிட்டு போயிடுச்சு. ஹைவ்ங்கற பழைய முறைல வெச்ச டேபிள்னா இதுதான் கதி, டேபிள்ல என்ன இருக்குன்னு கேட்டா ஃபோல்டர லிஸ்ட் எடுத்து அங்க கெடக்கறதெல்லாம் டேபிள்னு நம்பும். 2020 டிசம்பருக்கு அப்புறம் எஸ்3 லிஸ்ட் எடுத்தா எழுதினது உடனே சரியா தெரியும், ஆனா அது இதுக்கு மருந்தில்ல, லிஸ்ட் உண்மையதான் சொல்லுச்சு, ரெண்டு செட்டும் அங்க இருந்துச்சே.

அப்பதான் ஐஸ்பெர்க்ங்கற டேபிள் ஃபார்மட் பக்கம் போனோம். நெட்ஃபிளிக்ஸ்ல 2017ல ஆரம்பிச்சு அடுத்த வருஷமே அப்பாச்சிங்கற ஓப்பன் சோர்ஸ் அமைப்புக்கு குடுத்தது. இதுல டேபிள்னா ஃபோல்டர் இல்ல, ஒரு பட்டியல். எந்தெந்த ஃபைல் இந்த நிமிஷம் டேபிள சேர்ந்ததுன்னு ஒரு மேனிஃபெஸ்ட்ல எழுதி வெச்சிருக்கும், மாத்தும்போது புது பட்டியல் தயார் பண்ணிட்டு ஒரே போடா சுட்டிய திருப்பும். குவெரி ஒண்ணு பழைய பட்டியல பாக்கும் இல்லன்னா புதுச பாக்கும், ரெண்டையும் கலந்து பாக்க முடியாது. கூடவே எங்களுக்கு கெடச்ச போனஸ், ஒவ்வொரு ஃபைலோட மின் மேக்ஸும் அந்த மேனிஃபெஸ்ட்லயே இருக்கு, லிஸ்ட் எடுக்கற வேலையே கெடையாது. 73 மணி நேரம் பேர் படிச்ச பாவத்துக்கு இது பிராயச்சித்தம்.

பிடிஎஃப், ஸ்க்ரீன்ஷாட், மெயில்

இதெல்லாம் டேபிளுக்குள்ள போகாது. இங்க நாங்க காப்பி அடிச்சது காமன் க்ரால்கிட்ட இருந்து. 2007ல தொடங்குன அமைப்பு, வெப்சைட்ட எல்லாம் க்ரால் பண்ணி (தானா போயி பக்கங்கள எடுத்து) எஸ்3ல எல்லாருக்கும் தொறந்து வெச்சிருக்காங்க, ஒரு மாச க்ரால்லயே 200 கோடி பக்கத்துக்கு மேல வர்றது சாதாரணம். 200 கோடி பக்கத்த 200 கோடி ஃபைலா அவங்க வெக்கல. ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியா ஜிஜிப் பண்ணி (சுருக்கி), ஒண்ணுக்கு பின்னாடி ஒண்ணா ஒட்டி பெரிய பெரிய ஃபைலா வெச்சிருக்காங்க. தனித்தனியா கம்ப்ரஸ் பண்ணிருக்கறதாலதான் நடுவுல இருக்குற ஒண்ண மட்டும் உருவி எடுத்து விரிக்க முடியுது, மொத்தமா பண்ணியிருந்தா ஆரம்பத்துல இருந்து விரிச்சிட்டு வரணும். எந்த பக்கம் எந்த ஃபைல்ல, எத்தனாவது பைட்ல, எவ்ளோ நீளம்னு ஒரு இண்டெக்ஸ், 2018லேருந்து அது பார்க்கேலயும் கெடைக்குது. அத்தீனால அந்த இண்டெக்ஸ கேட்டு, வந்த எடத்த வெச்சு ரேஞ்ச் ரிக்வெஸ்ட் (இந்த பைட்லேருந்து இந்த பைட் வரைக்கும் மட்டும் குடுன்னு கேக்கறது) போட்டா அந்த ஒரு பக்கம் மட்டும் கைக்கு வரும்.

நாங்களும் அட்டாச்மென்ட்ட எல்லாம் அப்படியே ஒட்டிட்டோம். உள்ள வரும்போதே பிடிஎஃப்ல இருந்து டெக்ஸ்ட உருவி, அனுப்புனவர், தேதி, வகை, டிக்கெட் நம்பர், கூட ஃபைல் பேர், ஆரம்பம், நீளம், இவ்ளோ ஐஸ்பெர்க் டேபிள்ல ஒரு வரி. அன்ஸ்ட்ரக்சர்ட் டேட்டாவ வேகமா தேடறோம்னு ஊர்ல சொல்லிக்கிறோமே தவிர, அத யாரும் தேடறதில்ல, அதுக்கு வழி சொல்ற சின்ன டேபிளத்தான் தேடறோம், பொருள கடைசில ஒரே ஒரு தடவ போயி எடுத்துட்டு வர்றோம்.

இதுல ஒரு முள்ளு இருக்கு. ஒரு கஸ்டமர் என் டேட்டாவ அழிங்கன்னு கேட்டா? ஒட்டி வெச்ச ஃபைல்ல நடுவுல ஓட்டை போட முடியாது, எஸ்3ல ஃபைல திருத்தற வசதியே கெடையாது, முழுசா திரும்ப எழுதணும். ஆளுக்கு ஒரு கீ வெச்சு என்க்ரிப்ட் பண்ணிட்டா, கீய அழிச்சா போதும், மிச்சம் வெறும் இரைச்சல். ஆனா வரிசை முக்கியம், மொதல்ல கம்ப்ரஸ், அப்புறம் என்க்ரிப்ட். ஒருத்தர் மாத்தி எழுதி, சைஸ் கொறையவே மாட்டேங்குதேன்னு ரெண்டு நாள் முழிச்சாரு, என்க்ரிப்ட் ஆனது கம்ப்ரஸ் ஆகாதுங்கறது அப்பதான் உறைச்சுது.

இப்ப அதே செவ்வாக்கிழமை கேள்விய கேட்டா என்ன நடக்குதுன்னா, மேனிஃபெஸ்ட்ட பாத்து அந்த தேதி ஃபைல்கள்ல 3120 இருக்க வாய்ப்புள்ள ஒண்ண எடுக்குது, ஃபுட்டர படிச்சு ஒரு ரோ குரூப்ப எடுக்குது, அதுல நேரம், டிவைஸ், எரர் கோட்னு மூணு காலத்த மட்டும் படிக்குது. சில செகண்ட்ல பதில் வந்துடுது. நாங்க செகண்ட எண்றத விட்டுட்டு எவ்ளோ பைட் ஸ்கேன் ஆச்சுன்னுதான் இப்ப பாக்கறோம், அத்தீனா மாதிரி எடத்துல பில்லே அத வெச்சுத்தான், செகண்ட் இன்னைக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணு காட்டும், பைட் பொய் சொல்லாது.

ஸ்க்ரீன்ஷாட் மட்டும் இன்னும் சரியா தீரல. ஓசிஆர் ஓட்டி டெக்ஸ்ட் எடுக்கறோம், மங்கலா இருக்குற போட்டோல பூஜ்யத்தையும் ஓவையும் கொழப்பிக்குது, எரர் கோட் தேடற எடத்துல அது ஒதவாது. ஒரு குவெரிக்கு இவ்ளோ பைட்டுக்கு மேல ஸ்கேன் பண்ணா தானா நிறுத்துன்னு ஒரு லிமிட்டும் போட்டு வெச்சோம், தேதி குடுக்காம எல்லா காலத்தையும் கேக்குற ஆளுங்களுக்காக. போட்ட மொத வாரத்துல அதுல மாட்டி நின்ன குவெரி ஒண்ணே ஒண்ணு, அது என்னோடது.